ஏழாம் பலகையில் காலி நிழல்

அந்த விமானப்படைத் தளத்தில் மனிதர்களைவிடக் கருவிகளுக்கு மரியாதை அதிகம். ஒரு ஆள் காணாமல் போனால் மறுநாள்தான் தேடுவார்கள். அதுவும் அவன் மனைவி வந்து கேட்டால். ஒரு திருப்புளி காணாமல் போனால் பதினான்கு போர்விமானங்கள் நின்ற இடத்தைவிட்டு அசையாது.

காரணம் நியாயமானதுதான். விமானத்தின் வயிற்றுக்குள் யாரோ மறந்து வைத்த திருப்புளி, மேலே போனபிறகு உருண்டு போய் ஏதாவது கம்பியில் மாட்டினால், ஓட்டுகிறவர் விமானத்தோடு சேர்ந்துதான் கீழே வருவார். அதனால் ஹேங்கரின் கருவி அறையில் சுவர் நிறையப் பலகைகள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே சிவப்பு நிழல் தீட்டி வைத்திருந்தார்கள். எடுக்கிறவன் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை அந்த நிழலில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். நிழலின் மேல் கருவி இருக்க வேண்டும், இல்லையென்றால் டோக்கன் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் சங்கு ஊதும்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குச் சங்கு ஊதியது.

காவல் அறையில் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தவர் நிலையப் போலீஸ் சார்ஜென்ட். ஊர் முழுக்க அவருக்கு விசில் என்று பெயர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் தொப்பி கோணினவனுக்கு ஊதியிருக்கிறார், சைக்கிளில் இருவராகப் போனவர்களுக்கு ஊதியிருக்கிறார், ஒருமுறை ஓடுதளத்தைக் குறுக்கே கடந்த வாத்துக்கும் ஊதியிருக்கிறார். வாத்து நின்றது என்பது அவர் சொல்வது.

டெலிபோன் அடித்தது. ஹேங்கரிலிருந்து ஒரு குரல் மூச்சிரைக்கச் சொன்னது: ஏழாம் பலகை, பத்தொன்பதாவது நிழல், முழநீளத் தட்டைத் திருப்புளி, டோக்கனும் இல்லை. எல்லா வாசலையும் மூடச் சொன்னது.

விசில் ரிசீவரை வைத்தார். டீ டம்ளரையும் வைத்தார். அதன்பின் ஒரு காரியத்தை மட்டும் மிகக் கஷ்டப்பட்டுச் செய்யாமலிருந்தார். ஆறடி தள்ளியிருந்த லாக்கப் கதவைத் திரும்பிப் பார்க்காமலிருந்தார்.

திருப்புளி அங்கேதான் இருந்தது.

லாக்கப்பின் பூட்டு செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. பராமரிப்புப் பிரிவுக்கு ஏழு கடிதம் போனது. ஏழுக்கும் பதில் வந்தது, ஆள்தான் வரவில்லை. சங்கிலி போட்டுப் பூட்டலாம் என்றால், சங்கிலி கைதியின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று விதிப்புத்தகத்தில் இருந்தது. ஆகவே நாலு மாதமாகக் குடித்துவிட்டு அகப்பட்டவர்களும் கேன்டீனில் கை வைத்தவர்களும் மூடாத கதவுக்குப் பின்னால் தாங்களாகவே கைதியாக உட்கார்ந்து ஒத்துழைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிலையில்தான் மேலிடத்துப் பரிசோதனை வருகிறது என்று பட்டியல் வந்தது. முப்பத்தோராவது வரி: லாக்கப் பூட்டுகள் இயங்குகின்றனவா?

விசிலின் மனைவிக்கு ஒரு தம்பி. அதே தளத்தில் விமான மெக்கானிக். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் விசில் அவனிடம் சொன்னார், "மாப்ளே, ஒரு பத்து நிமிஷ வேலை." ஹேங்கரை விட்டுக் கருவி வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. டோக்கன் மாட்டினால் எதற்கு, எங்கே என்று எழுத வேண்டும். மச்சினன் டோக்கனை மாட்டவில்லை. கருவி அறைப் பொறுப்பாளர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, திருப்புளியைக் கால்சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கால் பிசகினவனைப் போல நடந்து வந்தான்.

செத்த பூட்டின் நாக்கைக் கழற்றி எடுத்தான். அது இருந்த துளையில் சும்மா ஒரு பரிசோதனைக்குத் திருப்புளியைச் செருகினான். அது பூட்டுப் பெட்டியைக் கடந்து, நிலைச்சட்டத்தின் துளைக்குள் போய், உள்பக்கம் இரண்டு விரற்கடை எட்டிப் பார்த்து, அளவெடுத்துச் செய்ததுபோல நின்றுவிட்டது. கதவை ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை. உருவினால் கதவு தானாகத் திறந்துகொண்டது. நாளைக்கு அதே கனத்தில் ஒரு கம்பி கொண்டுவருகிறேன், அதுவரை இருக்கட்டும் என்றான் மச்சினன். சிவப்புக் கைப்பிடி வெளியே தெரிந்ததால் அதன்மேல் ஒரு குழாய்த் துண்டை அடித்து ஏற்றி, சாம்பல் நிறப் பெயின்ட் பூசினார்கள். பார்த்தால் பூட்டின் கைப்பிடி மாதிரியே இருந்தது. விசில் முப்பத்தோராவது வரியில் 'ஆம்' என்று எழுதினார். அன்று நன்றாகத் தூங்கினார்.

மச்சினன் சொன்ன அந்த 'நாளைக்கு' வராமலே செய்துவிட்டது சங்கு.

ஒன்பது மணிக்குக் கருவி அறைப் பொறுப்பாளரைக் கூட்டி வந்தார்கள். அவருக்குப் பலகை என்று பட்டப்பெயர். முப்பத்தொரு வருஷம் பலகைகளையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. திங்கட்கிழமை மாலை எல்லாக் கருவிகளையும் எண்ணிப் பார்த்ததாக அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். எண்ணிப் பார்க்கவில்லை. அந்தத் தளத்தில் கையெழுத்துப் போடுகிற யாரும் எதையும் பார்த்துப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் மற்றவர்கள் கையெழுத்துப் போட்ட மாலைகளில் திருப்புளி காணாமல் போகவில்லை.

நிலையத் தளபதி பின்னாலேயே வந்தார். ஒரு வாக்கியத்தில் முடியும் விஷயத்தை அணிவகுப்பாக நடத்தக்கூடியவர். ஒழுக்கமே நமது எரிபொருள் என்பது அவர் அடிக்கடி சொல்வது. தளத்தின் நுழைவாயில், சாப்பாட்டுக்கூடம், கழிப்பறை மூன்றிலும் அதை எழுதி வைத்திருந்தார்கள். பொய்க் கையெழுத்து, கருவி மாயம், நாசவேலை சந்தேகம் என்று மூன்று குற்றங்களை வாசித்துவிட்டு, விசிலைப் பார்த்து உள்ளே போடச் சொன்னார்.

விசில் பலகையை உள்ளே அனுப்பினார். கதவைச் சாத்தினார். சாவியைச் செத்த பூட்டில் விட்டு 'டக்'கென்று திருப்பினார். அது வெறும் சத்தத்துக்கு. அந்தச் சத்தத்தின் மறைவில் சாம்பல் கைப்பிடியை அழுத்தினார். திருப்புளி நிலைச்சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. எந்தத் திருப்புளிக்காக அந்த மனிதரைப் பிடித்தார்களோ, அந்தத் திருப்புளியைக் கொண்டே அவரைப் பூட்டியாயிற்று.

இந்தக் கதவை இனி நான் மட்டும்தான் திறப்பேன், மூடுவேன் சார், பாதுகாப்புக்காக, என்று அவர் சொன்னார். தளபதி அவர் தோளைத் தட்டி, மற்றவர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது சமையலறைத் தரையில் மச்சினன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் தட்டு ஆறிப்போயிருந்தது. விசிலின் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்பது அவள் முதுகிலேயே தெரிந்தது.

"போய்ச் சொல்லிடுவோம் மாமா" என்றான் மச்சினன். "நானே எடுத்தேன்னு சொல்லிடறேன்."

"சொல்லு. டோக்கன் இல்லாம எடுத்தது ஒண்ணு, வெளிய கொண்டுபோனது ரெண்டு, பதினாலு விமானம் நின்னது மூணு. நான் போலீஸ்காரன், வாங்கி வச்சது நாலு. ரெண்டு பேரும் ஒரே வண்டியில போகலாம்."

மனைவி திரும்பாமலே பேசினாள். "அவருக்கு ரெண்டு மாசத்துல ஓய்வுங்க. கொஞ்சம் திட்டி அனுப்பிடுவாங்க. இவனுக்கு முப்பது வயசுதான் ஆகுது." சற்று நேரம் கழித்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "பலகை அண்ணன் சம்சாரம் வந்திருந்தாங்க. பிரஷர் மாத்திரையாம். மறக்காம குடுக்கச் சொன்னாங்க. நீங்க இருக்கறதுனாலதான் தைரியமா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க."

அதன்பின் யாரும் சாப்பிடவில்லை.

திட்டி அனுப்பிவிடுவார்கள் என்ற நம்பிக்கை புதன்கிழமை காலை வரைதான் உயிரோடு இருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். யாரையும் அதட்டவில்லை. டீ வேண்டாம், காபி வேண்டாம், வெந்நீர் போதும் என்றார். ஒரு மணி நேரத்துக்குள் தளம் முழுக்க அவருக்கு வெந்நீர் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. தனி அறை கொடுத்தார்கள். மறுத்துவிட்டு, காவல் அறையிலேயே, லாக்கப் கதவுக்கு நேர் எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார்.

பலகையிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்கு யார்மேலாவது கோபம் உண்டா என்பது. பலகை கொஞ்சம் யோசித்து, பராமரிப்புப் பிரிவு மேலே உண்டு, கருவி அறை மின்விசிறிக்கு ஒன்பது கடிதம் போட்டேன் என்றார். வெந்நீர் அதையும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். இப்படியே நாலு மணி நேரம் போனது. விசில் தன் மேஜையில் உட்கார்ந்து ஒரே பக்கத்தை நாலு மணி நேரமும் படித்தார். வெந்நீர் டம்ளரை எடுக்கும்போதெல்லாம் அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். டம்ளருக்கு மேலே அவர் கண் கதவில்தான் இருந்தது.

சாயங்காலம் எழுந்த வெந்நீர் நேராக லாக்கப்பை நோக்கி நடந்தார். குனிந்தார். சாம்பல் கைப்பிடியை ஒரு விரலால் தொட்டார்.

"நல்லா இருக்கே பூட்டு. புதுசா?"

"மராமத்து பண்ணினது சார்" என்றார் விசில். தன் குரல் வேறெங்கிருந்தோ வருவதுபோல அவருக்கே கேட்டது.

"யாரு பண்ணினா?"

"பராமரிப்புப் பிரிவு சார்."

வெந்நீர் விரலைப் பார்த்தார். பெயின்ட் லேசாக ஒட்டியிருந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு சீக்கிரம் வேலை பண்ற பராமரிப்புப் பிரிவ நான் எங்கயும் பார்த்ததில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு விருந்தினர் விடுதிக்குப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, இல்லை அவர் எல்லோரிடமும் இப்படித்தான் பேசுவாரா? திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது என்பார்கள். போலீஸ்காரனுக்குக் கொட்டினால் சல்யூட்டும் அடிக்க வேண்டியிருக்கிறது.

வியாழக்கிழமை காலை, நிலைமையைத் தளபதி தன் கையில் எடுத்துக்கொண்டார். இன்னும் எட்டு நாளில் தலைமையகத்துப் பெரியவர் வருகிறார். சிறந்த தளத்துக்கான கேடயத்தோடு வருகிறார். அவர் தலைக்குமேல் பறந்து காட்ட ஒரு விமானமும் இல்லை. தினமும் காலை ஆறு மணிக்குத் தளத்தில் எல்லோரும் தோளோடு தோள் நின்று ஓடுதளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, கல், ஆணி, கம்பித்துண்டு எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும். சமையல்காரரிலிருந்து தளபதிவரை எல்லோரும் நடப்பார்கள். தளபதி மட்டும் குனிய மாட்டார். அன்று குனிந்தார். வரிசை முழுவதும் நின்றுவிட்டது. ஓரத்துப் புல்லிலிருந்து ஒரு முழநீளத் திருப்புளியை எடுத்து, ஒலிம்பிக் தீபம் மாதிரி தூக்கிப் பிடித்தார். கைதட்டினார்கள். அரைமணி நேரத்தில் முதல் விமானம் கிளம்பியது.

வரிசையில் பதினேழாவதாக நின்ற விசிலுக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது. அப்படியானால் கதவில் இருப்பது எது?

அதற்கும் விடை கிடைத்தது. தளபதியின் டிரைவர் வாயில் எதுவும் தங்காது. பத்து மணிக்கு வாசல் புத்தகத்தில் கையெழுத்துப் போட வந்தவர் விசிலின் காதருகே குனிந்தார். நேற்று சாயங்காலம் ஐயா டவுனுக்கு அனுப்பி ஹார்டுவேர் கடையில் அதே நீளத்தில் ஒன்று வாங்கச் சொன்னார் என்றார். "கடை ஸ்டிக்கர வண்டியிலயே நான்தான் சுரண்டுனேன். நகமே போச்சு. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்." உங்களிடம் மட்டும்தான் என்று அவர் அதற்குமுன் கேன்டீனிலும் சொல்லியிருந்தார்.

சரி, திருப்புளி கிடைத்துவிட்டது, பலகையை விட்டுவிடுவார்கள் என்று விசில் மூச்சு விட்டார். அந்த மூச்சு பாதியில் நின்றது. வெந்நீர் புதுத் திருப்புளியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொண்டு மெதுவாக விளக்கினார். கருவி அறையில் தொலைந்திருந்தால் அது கவனக்குறைவு. ஓடுதளத்தின் ஓரத்தில் கிடந்தது என்றால், விமானம் கிளம்பும் பாதையில் யாரோ கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். கவனக்குறைவுக்கு ஓய்வூதியம் குறையும். நாசவேலைக்குப் பத்து வருஷம். நாளைக் காலை பத்து மணிக்கு வண்டி வரும். கைதியைத் தலைமையகச் சிறைக்கு நான் கொண்டுபோகிறேன்.

கேடயத்துக்காகத் தளபதி வாங்கிய திருப்புளி, ஒரு மனிதரின் மிச்ச ஆயுளைச் சிறையோடு சேர்த்து முடுக்கிவிட்டது. இப்போது உண்மையைச் சொல்வதென்றால் மச்சினனும் தானும் மட்டும் அகப்படப் போவதில்லை. தளபதி புல்லிலிருந்து எடுத்தது பொய் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஒரு தளபதியைப் பொய்யர் என்று சொன்ன சார்ஜென்ட் அதன்பின் என்ன ஆனார் என்று விசிலுக்குத் தெரியாது. அப்படி ஒருவரை அவர் பார்த்ததே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

வெந்நீர் சாப்பிடப் போயிருந்த மத்தியான நேரத்தில் விசில் அன்றைய மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கம்பிக்குப் பக்கத்தில் போனார். பலகை கட்டிலில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மாத்திரை."

பலகை வாங்கிக்கொண்டார். விழுங்கினார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையை நீட்டி, நிலைச்சட்டத்துக்கு உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு நுனியை நகத்தால் தட்டினார். டிங் என்று ஒரு சின்னச் சத்தம்.

"ஏழு, பத்தொன்பது" என்றார். "என் கையால பொறிச்ச நம்பர். முனையில ஓரம் தெறிச்சிருக்கு பாரு, அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் நெம்புகோலா வச்சு ஒடச்சது. உள்ள வந்து பத்து நிமிஷத்துல பார்த்துட்டேன் தம்பி. இங்க பார்க்கறதுக்கு வேற என்ன இருக்கு?"

விசில் சட்டென்று திரும்பினார். வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது போலிருந்தது. இல்லை, வெளியே யாரோ போனார்கள்.

"ஏண்ணே சொல்லல?" என்று கேட்டார். கேள்வி கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"உள்ள இருக்கறவன் சொன்னா, நம்பர் வரைக்கும் தெரியுதே, அப்ப நீதான் ஒளிச்சு வச்சேன்னு எழுதிக்குவான் அந்த ஆளு. வெளிய இருக்கறவன்தான் சொல்லணும்." பலகை டம்ளரைக் கம்பி வழியாக நீட்டினார். "இத விரலால தள்ளுனா வெளிய விழுந்துடும். மூணு நாளா நான் தள்ளல. ஓடிட்டான்னு சொல்லுவாங்க. உனக்காக இல்ல. என் நம்பருக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு."

திட்டியிருந்தால் விசிலுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பலகை கட்டிலில் திரும்பவும் சாய்ந்துகொண்டு கதவைப் பார்க்க ஆரம்பித்தார். அந்த மத்தியானம் முழுவதும் விசிலால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டவும் முடியவில்லை, முகத்தைக் காட்டவும் முடியவில்லை. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாக, ஜன்னலில் கம்பி போட்ட வண்டி வந்து நின்றது. தளபதி மூன்று அதிகாரிகளோடு வந்தார். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று ஹேங்கர் ஆட்கள் எட்டு பேரைச் சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தார். எட்டாவது ஆள் மச்சினன். இடுப்பு வாரில் அவனுடைய டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்று. அவன் முகம் சுவரின் நிறத்திலேயே இருந்தது. வெந்நீர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் பை.

தளபதி ஓரிரு வார்த்தைகள் பேச விரும்பினார். ஓரிரு வார்த்தைகள் ஏழு நிமிஷத்தைத் தாண்டின. கருவி என்பது வீரனின் ஆறாவது விரல் என்றார். அந்த விரலை எதிரிக்கு விற்பவனைப் பற்றி நான் என்ன சொல்ல என்று கேட்டு, சொல்லவும் சொன்னார். அதன்பின் விசிலுக்குக் கையசைத்தார்.

விசில் சாவியை எடுத்தார். கதவுவரை ஆறடி. அந்த ஆறடியில் அவர் மூன்று முறை முடிவெடுத்து மூன்று முறை மாற்றிக்கொண்டார். கம்பிக்குப் பின்னால் பலகை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். விசிலைப் பார்க்கவில்லை. இரும்பு நுனியைத்தான் பார்த்தார்.

சாவி 'டக்'கென்றது. வழக்கமாகக் கைப்பிடியை ஒரு சாண் இழுத்தால் போதும், கதவு விடும். விசில் நிறுத்தாமல் இழுத்தார். நிலைச்சட்டத்திலிருந்து வந்தது, பூட்டுப் பெட்டியிலிருந்து வந்தது, முழநீளமும் வெளியே வந்தது. யாரும் தொடாமலே லாக்கப் கதவு நீளமாக முனகிக்கொண்டு திறந்தது.

குழாய்த் துண்டு கழல மறுத்தது. அவர் அதை மேஜை விளிம்பில் ஓங்கி அடித்தார். தளபதி "ஒழுக்கம் என்பது" என்று மறுபடி ஆரம்பித்திருந்தார்; இரண்டாவது அடியில் அந்த வாக்கியம் நின்றது. மூன்றாவது அடியில் குழாய் உருண்டு போய் அவர் பூட்ஸில் முட்டியது. சிவப்புக் கைப்பிடி தெரிந்தது. விசில் திருப்புளியை வெந்நீரின் கோப்பின்மேல் வைத்தார்.

"ஏழாம் பலகை, பத்தொன்பது, சார். திங்கட்கிழமை மத்தியானத்துலேர்ந்து இந்தக் கதவுலதான் இருக்கு. பூட்டு ரிப்பேர். நான்தான் வச்சேன்."

வெந்நீர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பரைப் படித்தார். தெறித்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து மற்றதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் நம்பர் இல்லை. கைப்பிடியில் ஸ்டிக்கர் பசை பிசுபிசுத்தது.

"அப்ப இது?" என்று தளபதியிடம் கேட்டார், குடிக்க வெந்நீர் கேட்பது போலவே மரியாதையாக.

தளபதி தொப்பியைச் சரிசெய்தார். "ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு ஒரு மாதிரி. நான்தான் வாங்கச் சொன்னேன்."

"புல்லுல வச்சு?"

"அது... பயிற்சி. ஆட்கள் கண்ணு எவ்வளவு கூர்மைன்னு பார்க்கறதுக்கு."

மூன்று அதிகாரிகளும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். வெந்நீர் சொல்லுக்குச் சொல் எழுதினார். தாளைத் திருப்பி, படித்துப் பார்த்துவிட்டு ஒரு கையெழுத்து என்றார். தளபதி அந்தத் தளத்தின் வழக்கப்படி, படிக்காமல் போட்டார். போட்ட பிறகு விசிலை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கையெழுத்தோ தேதியோ தேவையில்லை.

"இத ஹேங்கர்லேர்ந்து எடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"போலீஸ் உள்ள போனா ஹேங்கர் புத்தகத்துல பதிவு இருக்கணும். திங்கட்கிழமை இல்லையே."

சுவரோரம் பார்க்கக் கூடாது என்று விசில் கழுத்தை இறுக்கி வைத்துக்கொண்டார். வெந்நீர் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது என்பது தெரிந்தது.

அப்போது பலகை லாக்கப்பிலிருந்து வெளியே வந்தார். திறந்திருந்த கதவைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. நேராக மேஜைக்கு வந்து திருப்புளியை எடுத்து, ஒட்டியிருந்த பெயின்டைச் சட்டை நுனியால் துடைத்தார்.

"வைங்க. அது சாட்சியப் பொருள்" என்றார் வெந்நீர்.

"தாராளமா கொண்டுபோங்க. டோக்கன் குடுத்துட்டுக் கொண்டுபோங்க."

"எனக்கு ஏது டோக்கன்?"

"அப்ப பத்தொன்பதாவது நிழல் காலியா இருக்கும். நிழல் காலியா இருந்தா விமானம் போகக் கூடாது." தலைக்குமேல் ஒரு விமானம் கிளம்பிப் போனது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அது தேயும்வரை பலகை நிறுத்திச் சொன்னார், "நேத்துலேர்ந்து போயிட்டிருக்கு. அதையும் எழுதிக்கங்க."

வரிசையின் கடைசியில் ஏதோ அசைந்தது. மச்சினன் இடுப்பு வாரிலிருந்து டோக்கனைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான். கொக்கி விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்துக் கழற்றி, சுவரை விட்டு வந்து, நாற்பத்தொன்று என்று பொறித்த பித்தளையைப் பலகையின் உள்ளங்கையில் வைத்தான்.

"திங்கட்கிழமையே மாட்டியிருக்கணும்ணே" என்றான்.

பலகை அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருப்புளியைத் திரும்பக் கோப்பின்மேல் வைத்தார். கருவி அறைச் சாவி எங்கே என்று ஒரு அதிகாரியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, யாரும் போகச் சொல்வதற்குமுன் ஹேங்கர் பக்கம் நடந்தார். அவரைத் தடுக்க எந்த விதி இருக்கிறது என்று அங்கிருந்த ஒருவருக்கும் உடனே ஞாபகம் வரவில்லை.

மற்ற இருவர் விஷயத்தில் விதி தெளிவாக இருந்தது. வாக்குமூலம் டைப் ஆகி வரும்வரை லாக்கப்பில் இருக்க வேண்டும். விசிலும் மச்சினனும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். அது திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார்கள். மறுபடி திறந்துகொண்டது.

"சங்கிலி போடக் கூடாது, இல்லையா சார்ஜென்ட்?" என்று வெந்நீர் கேட்டார்.

"கூடாது சார். கைதியோட கண்ணியம்."

"அப்ப நீங்களே பிடிச்சுக்கங்க."

விசில் உள்ளேயிருந்து கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். அடுத்த அறையில் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. வேகமாக, நிறுத்தாமல், இரண்டு பேர் விஷயத்துக்குத் தேவையானதைவிட அதிக நேரம் கேட்டது. வெளியே தளபதி டெலிபோனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமான ஏழு நிமிஷப் பேச்சு இல்லாமல், "சரி சார், சரி சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை தன் பெயர் காதில் விழுந்ததோ என்று விசிலுக்குத் தோன்றியது.

"மாமா" என்றான் மச்சினன் கட்டிலிலிருந்து. "அக்காகிட்ட யாரு சொல்றது?"

பன்னிரண்டரைக்கு அவள் இரண்டு தட்டு எடுத்து வைப்பாள். ஒரு மணிவரை எதுவும் நினைக்க மாட்டாள். அதற்குமேல் வாசலுக்கு வந்து நிற்பாள்.

விசிலின் பிடியில் கதவு கடகடவென்று ஆடத் தொடங்கியது. மேலே விமானம் எதுவும் இல்லை. விசில் மற்றொரு கையையும் கம்பியில் போட்டுப் பிடித்துக்கொண்டார்.